வெட்கத்தில் ஓடிய எஞ்சின்

கடம்பரையில் ஒரு எஞ்சின் வெட்கம் தாங்காமல் ஒரு வருஷம் நிற்காமல் ஓடியது என்று அடிவாரத்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். மலைமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதன் சூட்டில் மிளகு காயவைத்தவர்களும், அதன் சத்தத்தில் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர்களும், அதன்மேல் குண்டானை ஏற்றி வெந்நீர் போட்டவர்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கேட்டால் எந்தப் பக்கம் சூடு அதிகம் என்பது வரைக்கும் சொல்வார்கள். ஆனால் வெட்கம் யாருடையது என்பதில்தான் அத்தனை பேரும் ஏமாந்து போனார்கள். அது எஞ்சினுடைய வெட்கமே இல்லை. ஜீப்புக்கார அங்குராசுவின் வெட்கம்.

கடம்பரைக்கு ஒரே ஜீப்புதான். அவரைக்காயும் மலைவாழையும் அதில்தான் இறங்கின, ரேஷன் அரிசியும் சிமெண்டு மூட்டையும் அதில்தான் ஏறின, கல்யாணப் பெண்ணும் காய்ச்சல்காரனும் அதே பின்சீட்டில்தான் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். பங்குனியில் ஒருநாள் மட்டும் ஜீப்பு சாமி வண்டியாகிவிடும். நீராத்தா கோவில் சிலையை ஓடைக்குக் கொண்டுபோய் நீராட்டிக் கொண்டுவருவதற்கு முன்பெல்லாம் ஆள்மாற்றி ஆள் தோளில் சுமந்தார்கள். ஜீப்பு வந்த பிறகு ஆத்தா முன்சீட்டில் போனாள். முதல்நாளே வண்டியைக் கழுவி, மஞ்சள் தெளித்து, ஸ்டியரிங்கில் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு அந்த வண்டியில் பிணம் ஏறக்கூடாது, பிரசவக்காரி ஏறக்கூடாது. மீறி ஏறினால் தீட்டு, அந்த வருஷம் ஆத்தா பழையபடி தோளில்தான் போவாள். ஆத்தாளை ஓட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு மட்டும் ஊரே அங்குராசுவின் முன்னால் நடக்கும். அவனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் "ஏப்பா அங்கு, சில்லறை குடு" என்று கேட்கிற வாய்கள் அன்றைக்கு "டிரைவர் அய்யா" என்று கூப்பிடும். அந்த ஒருநாளுக்காகத்தான் அவன் மீதி நாட்களில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் அது பெரிய பொய் இல்லை.

அந்த வருஷம் காப்புக் கட்டிய அன்று சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், மேலக்காட்டுப் பாதையில் இருந்து கூப்பாடு கேட்டது. தங்கமலையின் பெண்சாதி நாகஜோதிக்கு வலி கண்டிருந்தது. தலைச்சன் பிரசவம், நாளும் வரவில்லை. ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைக்கும்தான் ஏறும் என்பதால் ஜீப்பைத்தான் தேடி வருகிறார்கள் என்பது அங்குராசுவுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துபோனது. அவன் ஸ்டியரிங்கில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தான். கூப்பாடு பக்கத்தில் வந்தது. அவன் பானெட்டைத் தூக்கி பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, மூடிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். காலையில் வயரை மாட்டிவிட்டு, ஆத்தாளே சரியாக்கிவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி பவுனுத்தாயி அதைப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

தங்கமலை மூச்சு வாங்க ஓடிவந்து நின்றான். "அண்ணே, வண்டிய எடுண்ணே. சோதி துடிக்கிறா."

அங்குராசு அவன் கண்ணுக்கு முன்னாலேயே சாவியைத் திருகினான். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை திருகினான்.

"தள்ளி விடுவமாண்ணே? எறக்கம்தான, புடிச்சிக்கிரும்."

"தள்ளுனாலும் வராதுப்பா. எஞ்சின் ஜாம் ஆயிருச்சு. இப்பத்தான் கோயில்ல இருந்து வந்து நிறுத்துனேன், டக்குனு ஒரு சத்தம், அம்புட்டுத்தேன்."

தங்கமலை நம்பினான். அங்குராசு பொய் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் நாகஜோதியைப் படுக்கவைத்து, ஆண்கள் ஓட்டமும் நடையுமாய் மலையிறங்கினார்கள். தலைமாட்டுப் பக்கம் கம்புக்குத் தோள் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அங்குராசுதான். வேறு ஆள் மாற்ற வந்தபோதும் கொடுக்கவில்லை. "வண்டி படுத்தாலும் மனுசன் படுக்கலையேப்பா," என்று பின்னால் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பக்கத்தில் லாந்தர் பிடித்துக்கொண்டு வந்த மொக்கையன் பூசாரி இன்னும் நல்ல மனதோடு ஒன்று சொன்னார்.

"எஞ்சின் மட்டும் நல்லா இருந்திருந்தா, காப்ப நானே அறுத்துவிட்டு அனுப்பியிருப்பேன் அங்கு. சத்தம் கேட்டதும் அருவாள எடுத்துக்கிட்டுத்தேன் வந்தேன். ஆத்தா என்ன ஒரு வருசம் தோள்ல போனா கொறஞ்சா போயிருவா?"

அங்குராசுவின் தோள் அப்போது ஒருதரம் நழுவியது. கம்பு ஆடியது. தூளிக்குள் இருந்து நாகஜோதி முனகினாள்.

யானைப்பாறை வளைவில் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. கூட வந்த பெண்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார்கள், வாயில் ஊதினார்கள், நீராத்தாளைக் கூப்பிட்டார்கள், ஏசவும் ஏசினார்கள். அது அழவே இல்லை. நாகஜோதியை மட்டும் அடிவாரத்துக்குக் கொண்டுபோய் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், அவள் பிழைத்தாள். ஊரில் சாவு விழுந்ததால் அந்த வருஷத் திருவிழாவே நின்றுபோனது. எதற்காகப் பொய் சொன்னானோ அதுவும் கிடைக்கவில்லை என்பதை அங்குராசு மறுநாள் காலையில் உணர்ந்தான். அதை நினைத்துப் பார்த்த தன் மனதை நினைத்து, குளிக்கப் போனவன் ஓடையில் வெகுநேரம் தலையை முக்கிக்கொண்டிருந்தான்.

நல்லது செய்கிறவர்களிடம் இருந்து தப்பிக்க முடியாது. கடம்பரை மக்கள் கோவில் வாசலில் கூடிப் பேசினார்கள். வண்டி இல்லாததால் ஒரு சிசு போனது, இனிமேல் ஒன்று போகக்கூடாது, அங்குராசு ஒருத்தன் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது, ஊரே சேர்ந்து வேறு எஞ்சின் போட்டுக்கொடுக்கும் என்று முடிவானது. முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் தங்கமலை. அங்குராசு வேண்டாம் என்றான். அடக்கத்தில் சொல்கிறான் என்றார்கள். தானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். அது எப்படி விடுவோம் என்றார்கள். இதற்குமேல் வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

கீழே இருந்து ஜமால் பாய் மெக்கானிக் வந்தார். எஸ்டேட்டில் உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பின் எஞ்சினை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அங்குராசு வீட்டு முன்னால் நின்ற பலாமரத்தின் தடித்த கிளையில் சங்கிலி பிளாக்கைத் தொங்கவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றி, வயர்களைப் பிரித்து, டீசல் டியூபை உருவிக் கட்டி, பழைய எஞ்சினின் போல்ட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினார். ஒரு கட்டத்தில் எஞ்சினின் முன்பக்கத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. அவர் நிமிர்ந்து அங்குராசுவைப் பார்த்தார்.

"என்னங்க இது? ஜாமுன்னு சொன்னீங்க."

"மாத்திருங்க பாய்," என்றான் அங்குராசு. அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான்.

சுற்றி ஊரே நின்றது. ஜமால் பாய் ஊரையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். "சரி, மாத்திருவோம்," என்றார். ஒரு மனிதனைச் சபையில் வைத்து அவிழ்த்துவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சங்கிலியை இழுக்க இழுக்கப் பழைய எஞ்சின் ஜீப்பின் வயிற்றில் இருந்து ஆடிக்கொண்டே மேலே வந்தது. அதைப் பலாமரத்தடியில் இரண்டு கட்டைமேல் இறக்கி வைத்தார்கள். பேட்டரி இல்லை, டீசல் இல்லை, அதைத் தொட ஒரு கை இல்லை. சங்கிலிக் கொக்கியை விடுவித்த அந்த நேரத்தில் அது ஒருதரம் செருமிக்கொண்டு, டக டக டகவென்று ஓட ஆரம்பித்தது.

"ஓடுதே," என்றார் ஜமால் பாய். அவ்வளவுதான் சொன்னார். தொழிலில் எத்தனையோ பார்த்தவர். கொஞ்சநேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஐட்லிங் சுத்தமா இருக்கு," என்றார். பிறகு புது எஞ்சினைப் பொருத்தும் வேலையைப் பார்க்கப் போனார்.

அன்றைக்கு அது நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. முதலில் சுற்றி நின்று பார்த்தவர்கள் கால் வலித்ததும் உட்கார்ந்து பார்த்தார்கள், உட்கார்ந்தவர்கள் வெற்றிலை போட்டார்கள், வெற்றிலை போட்டவர்கள் நியாயம் பேசினார்கள். கடைசியில் மொக்கையன் பூசாரிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "அன்னைக்கு ஒருநா ஓடாம ஒரு உசுரு போயிருச்சுல்ல? அந்த வெக்கந்தேன். வெக்கம் புடிச்சு ஓடுது," என்றார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. ஒரு இரும்புக்கு இவ்வளவு மானம் இருக்கிறதே என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அங்குராசுவும் இருந்தான். அவனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அதன்பிறகு கடம்பரை அந்த எஞ்சினை வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி பழக்கிக்கொண்டது. மழை வருமே என்று மேலே தகரக் கூரை போட்டார்கள். கூரை இருக்கிறதே என்று அதன்கீழ் மிளகைக் காயப்போட்டார்கள். வாடைக்காலத்தில் மேல்சட்டை இல்லாத கிழவர்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்கின. பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண் கைப்பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போனபோது, பிள்ளை தூங்காமல் கத்தியதால் மாமியாரே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். கோழிகள் அதன் அடியில் அடை உட்கார்ந்தன. எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசப் பழகினார்கள், அதனால் புறணி பேசுவது குறைந்தது. கீழே இருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வண்டி ஓடினால் கேள்வி கேட்கலாம், எஞ்சின் மட்டும் ஓடினால் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. காபி குடித்துவிட்டு, குளிருக்கு இதமாகக் கையைக் காட்டிவிட்டு, இறங்கிப் போய்விட்டார்.

எல்லோரும் சொன்னதை அங்குராசு கேட்டுக்கொண்டிருந்தான். மிளகு அள்ள வந்தவள், "பாவம், என்ன பாடு படுது பாரு," என்பாள். முதுகு காய வந்தவர், "தப்பு பண்ணுனா இப்புடியில்ல வருந்தணும். மனுசப் பயலுக்கு இது வருமா?" என்பார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும் டக டக டக. புது எஞ்சின் போட்ட ஜீப்பை எடுத்துக்கொண்டு அடிவாரம் போனால் அங்கே சத்தம் கேட்காது, ஆனால் அங்கே போனதும் எப்போது கேட்கும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. பவுனுத்தாயிக்கு இதற்குள் எல்லாம் புரிந்துபோயிருந்தது. ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பை ஊற்றாமல் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஊரு அதச் சொல்லிச் சொல்லிப் பரிதாபப்படுது. நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற. எப்புடிய்யா நிக்க முடியுது ஒன்னால?"

அவன் வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

ஊரெல்லாம் சேர்ந்தும் அவனை ஒன்றும் செய்துவிட முடியவில்லை. நாகஜோதிதான் அவனைக் கொன்றாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து உடம்பு தேறியதும் அவள் பலாமரத்தடிக்கு வந்தாள். முதல்நாள் அந்த எஞ்சினை வாய்க்கு வந்தபடி திட்டினாள். "அன்னைக்கு ஓடுறதுக்கு ஒனக்கு என்ன கேடு? இன்னைக்கு ஓடி யாருக்குப் பவுசு காட்டுற?" என்று கேட்டு, கையில் இருந்த விறகால் அதை அடித்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் வந்தாள், திட்டினாள். அப்புறம் திட்டுவது குறைந்து, சும்மா உட்கார்ந்து போனாள். மாரியில் ஒருநாள், சாரல் தெறித்து ஆவி பறந்துகொண்டிருந்த எஞ்சின்மேல் தன் முந்தானையைப் போட்டுத் துடைத்தாள்.

"நீ என்ன வேணும்னா பண்ணுன? பழசாப் போனா எல்லாத்துக்கும் வர்றதுதான. விடு. நான் ஒன்ன மன்னிச்சுட்டேன்," என்றாள்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அங்குராசுவுக்கு அது அட்சரம் பிசகாமல் கேட்டது. அவனுக்குச் சேர வேண்டிய ஏச்சையும் அடியையும் வாங்கிக்கொண்ட அந்த இரும்பு, அவனுக்குக் கிடைக்கவே கூடாத மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு நின்றது. மன்னிப்பு கிடைத்த பிறகாவது நிற்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. அது நிற்கவில்லை. தனக்கு உரியது இல்லை என்று அதற்கும் தெரிந்திருக்கும்.

பங்குனி திரும்பி வந்தது. போன வருஷம் நின்ற திருவிழாவை இந்த வருஷம் சேர்த்துச் செய்வது என்று முடிவானது. ஆத்தா ஓடைக்குப் போகும் வழியில் பலாமரத்தடியில் நின்று அந்த எஞ்சினுக்கு மாலை போட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்கும் ஒரு பரிவட்டம், அதன் சொந்தக்காரன் அங்குராசுவுக்கும் ஒரு பரிவட்டம் என்று பூசாரி சொன்னபோது கைதட்டினார்கள்.

திருவிழாவன்று காலையில் ஜீப்பின் முன்சீட்டில் ஆத்தாளை வைத்து ஓட்டிக்கொண்டு வந்து, அங்குராசு தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். மேளம் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் மஞ்சள் துணியைச் சுற்றி, சந்தனம் அப்பி, மாலை போட்டார்கள். பிறகு பூசாரி அடுத்த துணியை எடுத்துக்கொண்டு அவன் நெற்றிக்குக் கொண்டுவந்தார். துணி நெற்றியில் பட்டதும் அங்குராசு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குக் கட்டாதீங்க. அன்னைக்கு எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தேன் இருந்துச்சு. இந்தத் துணிக்கு ஆசப்பட்டு நாந்தேன் வயரப் புடுங்கிப்போட்டுப் பொய் சொன்னேன்."

தங்கமலைதான் முதலில் அவனைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்து அழுதான். "கேட்டியளா? ஒரு எஞ்சின் மேல பழி நிக்கக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கிறாரு. இந்த மனசு யாருக்குய்யா வரும்?" என்றான். கூட்டம் மொத்தமும் மூக்கைச் சிந்தியது. அங்குராசு இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள அவன் பெருமை ஏறியது. பவுனுத்தாயி முன்னால் வந்து, "நான் பாத்தேன், நெசந்தேன்," என்றாள். புருஷனுக்கு ஏற்ற பெண்சாதி என்றார்கள். குலவை போட்டார்கள். பரிவட்டத்தைக் கட்டியே விட்டார்கள். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல், நெற்றியில் மஞ்சள் துணியோடு, ஊர் நடுவில் நின்றபோது அவனுக்கு வந்த வெட்கம் அதற்கு முன்னால் வந்த எல்லா வெட்கத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

நாகஜோதி மட்டும் அழவில்லை, குலவையும் போடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு என் தலமாட்டுல கம்பத் தூக்குனது நீதான?"

"ஆமா தாயி."

"வழிநெடுக எம்மூஞ்சில சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. அண்ணே நமக்காக அழுகுறாருன்னு நெனச்சேன். அந்த வலியிலயும் அது ஆறுதலா இருந்துச்சு." அவள் அவன் கண்ணையே பார்த்தாள். "அது கண்ணீரா, வேர்வையா?"

ஆமாம், அழுதேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளும் நம்பியிருப்பாள். அங்குராசு அந்த இறக்கத்தை ஒவ்வொரு அடியாய் நினைத்துப் பார்த்தான். அன்றைக்கு அவன் அழவில்லை. நாளைக்குப் பரிவட்டம் உண்டா, இல்லையா என்றுதான் யானைப்பாறை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தான்.

"வேர்வைதான் தாயி," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். எஞ்சினிடம் போய், மாலையை ஒதுக்கிவிட்டு, சுடச்சுட இருந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஒன்னயப் போயி அடிச்சுட்டேனே," என்றாள். "போதும். நில்லு."

எஞ்சின் நின்றது.

ஆத்தா மனமிரங்கிவிட்டாள் என்று ஊர் ஆர்ப்பரித்தது. அன்றைக்கு மத்தியானம் ஒரு குழந்தையும் தூங்கவில்லை. எல்லா வீட்டிலும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு எஞ்சின் மாதிரி வாயால் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்குராசு பலாமரத்தடியில் உட்கார்ந்து, எஞ்சின் மெல்ல மெல்லச் சூடு தணிந்து குளிர்ந்துபோகிறவரை அதைத் தொட்டுக்கொண்டிருந்தான். திருவிழா முடிந்த கையோடு ஜமால் பாயை வரவழைத்து, அதே கிளையில் அதே சங்கிலியைக் கட்டி, பழைய எஞ்சினையே ஜீப்பில் திரும்பப் பூட்டச் சொன்னான். பாய் ஏன் என்று கேட்கவில்லை. சாவியைத் திருகியதும் பிடித்துக்கொண்டது.

அதற்குப்பிறகு அங்குராசு முன்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. பின்சீட்டில் ஆள்மேல் ஆள் உட்கார்ந்து வந்தாலும் அது காலியாகத்தான் போகும். ஆத்தா உட்கார்ந்த இடம், அதனால்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாகஜோதி ஜீப்பில் ஏறுவதில்லை. சந்தை நாளில் அவரைக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்குவாள். அவளைப் பார்த்ததும் அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவான். கூப்பிட மாட்டான். கூப்பிடுகிற வாய் அவனுக்கு இல்லை. அவள் வளைவு தாண்டி மறைகிறவரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் எடுப்பான்.

அடுத்த தை மாதத்தில் ஒரு சந்தை நாள், யானைப்பாறை வளைவில் அவள் நின்றாள். ஜீப்பும் நின்றது. அவள் இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள், வயிறு தெரிந்தது. தலையில் இருந்த மூட்டையை இறக்கி, முன்சீட்டில் வைத்தாள்.

"மூட்ட மட்டும் வரட்டும்," என்றாள்.

சொல்லிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். அங்குராசு முதல் கியரைப் போட்டு, ஹாரன் அடிக்காமல், முந்திப் போகாமல், அடிவாரம் வரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போனான்.